பத்தாம் வாரத்தில் வந்த கடிதம்

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் நிலாவெளியில் இருக்கிறோம். மூத்த மகளுக்கு ஆறு வயது. நாலு வயதில் அவளுக்குச் சலரோகம், முதலாம் வகை என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு ஊசி. அவள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சத்தி கடுமை. முதல் மூன்று மாதமும் கஞ்சியும் மல்லித்தண்ணியும்தான் உள்ளே நின்றது. அஞ்சாம் மாதத்துக்குப் பிறகு ஆசைப்பட்டுத் தொதல், கேக் என்று நிறையச் சாப்பிட்டேன். அந்தத் தொதல்தான் பிள்ளைக்குச் சீனி வருத்தமாக வந்தது என்று மாமி சொல்கிறார். இன்சுலின் சுரக்கிற கலங்கள் முதல் மூன்று மாதத்திலேயே உருவாகிவிடும் என்று எங்கேயோ வாசித்தேன். நான் சாப்பிடாமல் இருந்ததால் அவை சரியாக உருவாகவில்லையோ என்று இரவில் நித்திரை வருவதில்லை. அவளுக்கு ஆறு மாதத்தில் மாப்பாலும் கொடுத்தேன். இப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். கிளினிக் கணக்குப்படி பத்து வாரம். இந்தப் பிள்ளைக்காவது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிட்ட தொதலாலும் சாப்பிடாமல் போன சோற்றாலும் உங்கள் மகளுக்கு இந்த வருத்தம் வரவில்லை. அவளுடைய இன்சுலின் கலங்கள் உங்கள் வயிற்றில் ஒழுங்காக உருவாகின, வேலையும் செய்தன. அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பீர்கள். அத்தாட்சி உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. கடைசியில் அதை எடுக்கச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது "கிளினிக் கணக்குப்படி பத்து வாரம்" என்ற வரி. கிளினிக்கில் நாங்கள் கடைசி மாதவிலக்கு வந்த நாளில் இருந்து எண்ணுகிறோம். முளையத்தை, அதாவது வயிற்றில் உருவாகத் தொடங்கும் பிள்ளையைப் பற்றி எழுதும் புத்தகங்கள் கருத்தரித்த நாளில் இருந்து எண்ணும். இரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் வித்தியாசம். ஆகவே நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதிய நாளில் உங்கள் பிள்ளைக்கு உண்மையில் எட்டு வாரம். மனிதப் பிள்ளையில் முதல் இன்சுலின் கலங்கள் தோன்றுவது ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். கருத்தரித்து 52 நாள் அளவில் அவற்றை முதன்முதலாகக் காணமுடிகிறது. எந்தக் கலங்களை நினைத்து நித்திரையில்லாமல் கிடந்தீர்களோ, அவை உங்களுக்குள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நாட்களில்தான் பேனாவை எடுத்திருக்கிறீர்கள்.

அந்தக் கதையை ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இரவில் வரும் பயத்துக்கு "பயப்படாதே" என்ற ஒரு சொல் போதாது என்று எனக்குத் தெரியும்.

கருத்தரித்து 26 நாள் அளவில், அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் பத்துப் பன்னிரண்டு நாளில், முளையம் ஒரு அரிசியைவிடச் சிறியது. அதற்குள் உணவுக்குழாயாகவும் குடலாகவும் மாறப்போகிற ஒரு குழாய் இருக்கிறது. அந்தக் குழாயின் முதுகுப் பக்கத்தில் ஓரிடம் மெல்லத் தடிக்கும். அதுதான் இன்சுலின் கலங்கள் இருக்கும் உறுப்பான சதையியின் (கணையத்தின்) முதல் அரும்பு. பிறகு வயிற்றுப் பக்கத்திலும் இன்னொரு அரும்பு வரும். குடல் வளைந்து திரும்பும்போது வயிற்றுப் பக்கத்து அரும்பும் கூடவே சுற்றி வந்து, ஏழாம் வாரமளவில் மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். பிறந்த பிறகு நாம் ஒரே உறுப்பாகப் பார்க்கிற சதையி இப்படி இரண்டு இடத்தில் தொடங்கி ஒன்றானது.

அந்த இடத்தில் மட்டும் ஏன் அரும்பு வருகிறது? அந்தக் குழாயின் பக்கத்திலேயே, முதுகெலும்புக்கு முன்னோடியான முதுகுநாண் என்ற தண்டும் பெருநாடி என்ற பெரிய இரத்தக்குழாயும் போகின்றன. அவற்றில் இருந்து வரும் இரசாயனச் செய்திகள்தான் இந்தத் துண்டைச் சதையியாக மாற்றுகின்றன என்பதைக் கோழி முளையங்களிலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள். செய்தி கிடைத்ததும் அந்தக் கலங்களில் பி.டி.எக்ஸ் 1 என்ற பரம்பரையலகு (ஜீன்) விழித்துக்கொள்ளும். இதன் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் பிள்ளை சதையியே இல்லாமல் பிறக்கும். 1997இல் அப்படியொரு பிள்ளையைப் பற்றிய விவரம் வெளிவந்தது. மிக மிக அரிதான நிலை அது. உங்கள் மகளுக்கு அது இல்லை. இங்கே எதற்காகச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

அரும்பு கிளைவிட்டுக் கிளைவிட்டு ஒரு சிறு மரம்போல வளரும். கலங்களில் பெரும்பாலானவை சமிபாட்டுச் சாறு சுரப்பதற்கும் அந்தச் சாற்றைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்களாகவும் ஒதுங்கிவிடும். கொஞ்சக் கலங்களில் மட்டும் நியூரோஜெனின் 3 என்ற இன்னொரு பரம்பரையலகு சில காலம் விழித்து, பிறகு அடங்கிவிடும். அப்படி விழித்த கலங்கள்தான் ஓமோன் சுரக்கும் கலங்களாகின்றன. எட்டாம் வாரத்தில் குழாய்ச் சுவர்களின் ஓரத்தில் இன்சுலின் கலங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, இரத்தத்தில் சீனியை ஏற்றுகிற குளுக்ககன் என்ற ஓமோனைச் சுரக்கும் கலங்களும் வந்துவிடும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்புத் தரும் ஒன்று உண்டு. எலிகளில் இந்த வரிசை தலைகீழ். அங்கே குளுக்ககன் முந்திக்கொள்ளும். மனிதரில் இன்சுலின் முந்துகிறது. பல ஆண்டுகளாக எலியைப் பார்த்தே மனிதனைப் பற்றிப் பேசிவந்தார்கள். கருக்கலைப்புச் செய்த தாய்மார் சிலர் சம்மதித்துக் கொடுத்த முளைய இழையங்களை ஆராய்ந்த பிறகுதான் மனிதக் கணக்கு வேறு என்று தெளிவாகியது. இன்று நான் உங்களுக்கு இந்த வாரக் கணக்கைச் சொல்லமுடிகிறது என்றால், முகம் தெரியாத அந்தத் தாய்மாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரி, இப்போதைக்கு வருவோம். உங்கள் கடிதம் என் கைக்கு வந்து, நான் பதில் எழுதி, நீங்கள் வாசிக்கும்போது கிளினிக் கணக்கில் பதினாலு வாரம் ஆகியிருக்கும். பிள்ளைக்குப் பன்னிரண்டு. தனித்தனியாக நின்ற கலங்கள் இந்தக் காலத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து சிறு கூட்டங்களாகும். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இரத்த நாளங்கள் நுழையும். அவைதான் லாங்கர்ஹான்சின் சிறுதீவுகள் என்று பள்ளியில் படித்தவை. 1869இல் பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் நுணுக்குக்காட்டியில் இவற்றை முதலில் பார்த்தார். எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. சதையி என்ற பெரிய பரப்புக்குள் ஒட்டாமல் தனித்து நின்றதால் பிறகு வந்தவர்கள் தீவு என்று பெயர் வைத்தார்கள். இன்சுலின் என்ற சொல்லே தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. நிலாவெளிக் கரையில் நின்று புறாத்தீவைப் பார்த்து வளர்ந்தவள் நீங்கள். கடல் முழுக்க அப்படிச் சிறுதீவுகள் சிதறிக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவரின் சதையிக்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் இருக்கும். அவ்வளவையும் சேர்த்தாலும் சதையியின் நிறையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான்.

இப்போது சத்தியைப் பற்றிப் பேசுவோம். எட்டு வாரப் பிள்ளையின் நீளம் 3 சென்டிமீட்டர் அளவு, நிறை சில கிராம். அதற்கு வேண்டிய உணவு மிகச் சொற்பம். உங்கள் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதில் இருந்தே பிள்ளை எடுத்துக்கொள்ளும். முதல் மூன்று மாதம் சோற்றைக் கண்டாலே ஓங்காளிக்கிற தாய்மாரை எங்கள் கிளினிக்கில் வாரந்தோறும் பார்க்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் இன்சுலின் கலம் இல்லாமல் பிறப்பதில்லை. கஞ்சியும் மல்லித்தண்ணியுமாக நீங்கள் அந்த நாட்களைக் கடந்ததற்கு யாரும் உங்களைக் குற்றம் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் தாயின் பட்டினி பிள்ளையைப் பாதிக்கவே பாதிக்காது என்று நான் சொன்னால் அது பொய். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகள் உணவு வரும் வழியை அடைத்தபோது ஒல்லாந்து நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் கிடந்தது. அப்போது வயிற்றில் இருந்தவர்களை அவர்களின் 50 வயதளவில் பரிசோதித்தார்கள். குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. அது நாலு வயதில் இன்சுலின் நின்றுபோகிற வருத்தம் அல்ல. அவர்கள் சுமந்தது, இன்சுலின் சுரந்தும் உடம்புக்குப் போதாமல் போகிற இரண்டாம் வகைச் சலரோகத்தின் சாயலை, அதுவும் நடுவயதில். அந்தப் பட்டினியும் ஒரு மனுஷிக்கு வருகிற சத்தி அல்ல. நாட்டுக்கே ரேஷன் சுருங்கி, மாதக்கணக்கில் நீடித்த பட்டினி.

தொதல் விஷயத்திலும் மாமியின் கணக்கு நேர் எதிராகப் போகிறது. தாயின் இரத்தத்தில் உள்ள குளுக்கோசு நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. 1950களில் டென்மார்க் வைத்தியர் யோர்கன் பெடர்சன் இதை வைத்துத்தான் ஒரு விஷயத்தை விளக்கினார். சலரோகம் உள்ள தாய்க்குச் சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், பிள்ளையின் சதையி அந்த மேலதிகக் குளுக்கோசைச் சமாளிக்க இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். பிள்ளை பருத்துப் பிறக்கும். கொப்பூழ்க்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த குளுக்கோசு நின்றுவிடும், இன்சுலின் மட்டும் கூடுதலாகவே இருக்கும். அதனால் முதல் மணித்தியாலங்களில் பிள்ளைக்குச் சீனி இறங்கிவிடும். இது கவனிக்க வேண்டிய ஆபத்துத்தான். அப்படிப் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உடற்பருமனும் இரண்டாம் வகைச் சலரோகமும் வரும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் பாருங்கள், தாயின் சீனி எகிறினால்கூடப் பிள்ளையின் சதையி அதிகமாக உழைக்கிறதே தவிர அழிந்துபோவதில்லை. உங்களுக்கோ சலரோகமே இருக்கவில்லை. நீங்கள் சாப்பிட்ட தொதலை உங்கள் சொந்த இன்சுலினே கவனித்துக்கொண்டது.

அப்படியானால் மகளுக்கு என்ன நடந்தது?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய அவளுடைய நோயெதிர்ப்புத் தொகுதி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இன்சுலின் கலங்களை வேற்று ஆள் என்று தவறாக எண்ணித் தாக்கத் தொடங்கியது. இதுதான் முதலாம் வகை. இது பெரும்பாலும் பிறந்த பிறகு நடப்பது. சிறு வயதில் இந்த வருத்தம் வரும் பிள்ளைகள் பலரில், இன்சுலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது நோயெதிர்ப்புத் தொகுதி உண்டாக்கும் தாக்கும் புரதங்கள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட வயதில் இரத்தத்தில் தலைகாட்டுவதைத் தொடர்ந்து கவனித்துக் கண்டிருக்கிறார்கள். வெளியே ஒரு அறிகுறியும் இராது. பிள்ளை ஓடும், விளையாடும். உள்ளே கலங்கள் குறைந்துகொண்டே வரும். மிஞ்சியவை போதாமல் போகும் நாளில்தான் தாகமும் சலமும் மெலிவும் வெளியே தெரியும். உங்கள் மகளுக்கு அந்த நாள் நாலாவது வயதில் வந்தது.

யாருக்கு இப்படி நடக்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆறாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) நோயெதிர்ப்போடு தொடர்புள்ள சில பரம்பரையலகுகள் இருக்கின்றன. அவற்றின் சில வடிவங்கள் இந்த ஆபத்தைக் கூட்டும். உங்களிடமிருந்து பாதி, கணவரிடமிருந்து பாதி. கேட்டு வாங்குவதுமில்லை, கேட்டுக் கொடுப்பதுமில்லை. வைரசுத் தொற்றுப் போன்ற ஏதோவொரு தூண்டுதலும் சேரவேண்டும் என்று கருதுகிறார்கள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது இதற்குள் எங்கே வருகிறது? இரட்டையரைப் பாருங்கள். உருவ ஒற்றுமை இல்லாத இரட்டையர் ஒரே கருவறையில், ஒரே தாய் சாப்பிட்டதையே பகிர்ந்து, ஒரே ஒன்பது மாதம் இருந்தவர்கள். ஒருவருக்கு முதலாம் வகை வந்தால் மற்றவருக்கு வருகிற வாய்ப்பு, வேறு வேறு வருடங்களில் பிறந்த உடன்பிறப்புகளுக்கு உள்ள வாய்ப்பை ஒட்டியே இருக்கிறது. தாயின் சாப்பாடுதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது.

மாப்பாலுக்கும் ஒரு வரி. மாட்டுப்பால் புரதம்தான் நோயெதிர்ப்பைக் கிளறிவிடுகிறதோ என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. நீங்கள் பயந்ததில் பிழை இல்லை. அதைச் சோதிக்கவே, குடும்பத்தில் முதலாம் வகை உள்ள 2159 குழந்தைகளை 15 நாடுகளில் சேர்த்து, புரதத்தை நுண்ணிதாக உடைத்த பால்மாவை ஒரு பகுதியினருக்கும் வழக்கமான பால்மாவை மற்றவர்களுக்கும் கொடுத்துப் பல ஆண்டு பார்த்திருந்தார்கள். 2018இல் முடிவு வந்தது. இரு பக்கத்திலும் சலரோகம் வந்த அளவில் வித்தியாசம் இல்லை. தாய்ப்பாலை நான் வேறு நூறு காரணங்களுக்காக வலியுறுத்துவேன். ஆனால் ஆறு மாதத்தில் கொடுத்த மாப்பாலை நினைத்து நீங்கள் அழத் தேவையில்லை.

கலங்களின் கதை பிறப்போடு முடிவதில்லை. இரண்டாவது பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்ற உங்கள் கேள்விக்கும் இது தேவை. வயிற்றில் இருக்கும்போது குளுக்கோசு இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பிள்ளையின் இன்சுலினுக்கு அங்கே முக்கிய வேலை சீனியைக் கட்டுப்படுத்துவதல்ல, பிள்ளையை வளர்ப்பது. பிறந்த பிறகுதான் பால் குடிப்பது, பிறகு பசித்திருப்பது, மறுபடி குடிப்பது என்று ஏற்ற இறக்கம் தொடங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி எப்போது சுரப்பது, எப்போது நிறுத்துவது என்று அந்தக் கலங்கள் பழகுவதும் அப்போதுதான். கலங்கள் இரண்டாகப் பிரிந்து பெருகுவதும் பிறப்பை ஒட்டிய காலத்திலும் முதல் இரண்டு வருடத்திலும்தான் மிகவும் கூடுதல். அப்புறம் வேகம் சட்டென்று குறையும். வளர்ந்தவரில் புதுக் கலம் பிறப்பது மிக அரிது. ஐம்பதைத் தாண்டிய என் சதையிக்குள் இன்றைக்கும் வேலை செய்பவை, பெரும்பாலும் என் அம்மா வயிற்றிலும் அவர் மடியிலும் கிடைத்தவைதான். அதை நினைக்கும்போதெல்லாம் அம்மாவின் கை ஞாபகம் வரும்.

ஆகவே வயிற்றில் இருக்கும் காலமும் முதல் இரண்டு வருடமும் பெறுமதியானவை. ஆனால் எதற்குப் பெறுமதி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாம் வகையைத் தடுக்கும் சாப்பாடோ மருந்தோ கர்ப்பிணிகளுக்கு இன்று இல்லை. யாராவது இருக்கிறது என்று விற்றால் வாங்காதீர்கள். எங்கள் பகுதி மக்களிடம் பெருகிவரும் இரண்டாம் வகைக்குத்தான் நீங்கள் இப்போது செய்வது உதவும். இந்தியாவின் புனே பகுதியில் பிறந்த பிள்ளைகளையும் இங்கிலாந்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புனேப் பிள்ளைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. தசையில் குறைந்திருந்த புனேப் பிள்ளைகள் கொழுப்பில் அவ்வளவு குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்போடு பிறந்து, பிறகு வேகமாகப் பருக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் சலரோகம் வரும் வாய்ப்புக் கூடுதல். நாங்களும் அந்த உடல்வாகுக்காரர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது சாதாரணமான காரியங்கள். மிட்வைஃப் தருகிற போலிக் அமிலம், இரும்புச்சத்துக் குளிசைகளை விடாதீர்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமாவை வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைக்காமல் நீங்கள் சாப்பிடுங்கள். சூடை மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் உங்கள் ஊரில் கிடைப்பவைதான். சூடை மலிவு என்று தள்ளாதீர்கள், அது நல்ல புரதம். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று சோற்றைக் குவித்துத் தந்தால், சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுங்கள். முதல் கிளினிக்கில் சீனி பார்த்திருப்பார்கள். 24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரத்தில் 75 கிராம் குளுக்கோசு குடிக்கத் தந்து மறுபடி பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு போகவேண்டும், குமட்டும், காத்திருக்கவும் வேண்டும். என்றாலும் அதைத் தவறவிடாதீர்கள். தொதல் ஒரு துண்டு சாப்பிடலாம். அந்தச் சோதனையில் சீனி கூட என்று வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு டொக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

உடன்பிறப்புக்கும் முதலாம் வகை வருமா? இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதத்தின் அடியில் இதுதான் இருக்கிறது. மேற்கு நாடுகளின் கணக்கில் இருபது உடன்பிறப்புகளில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும். அதாவது பத்தொன்பது பேருக்கு வராது. ஆகவே ஒவ்வொரு நாளும் அந்தச் சிறு விரலைக் குத்திப் பார்க்காதீர்கள். அறிகுறியை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், இருந்தாலும் வாசிக்கிற மற்றத் தாய்மாருக்காக எழுதுகிறேன். பிள்ளை அடிக்கடி சலம் போவது, படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைப்பது, தீராத தாகம், சாப்பிட்டும் மெலிவது, சலம் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஒரு துளி இரத்தத்தில் சீனி பார்க்கவேண்டும். சத்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை என்றால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மூன்று வயது ஆண் பிள்ளை ஒன்றை மூச்சு வாங்குகிறது என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியிருந்தார்கள். ஒரு இடத்தில் பூச்சி மருந்து, மற்ற இடத்தில் இழுப்புக்கு மருந்து. ஒருவரும் சீனி பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தபோது நேரம் போய்விட்டிருந்தது. அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கேட்ட கேள்வியும் உங்களுடையதுதான்: "நான் என்ன பிழை விட்டேன்?" அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. மூத்தவளுக்குப் பாவற்காய்ச் சாறு கொடுத்து ஊசியைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், மாமியே சொன்னாலும், கேட்காதீர்கள். பாவற்காய்க் கறி தாராளமாகச் சமையுங்கள். ஆனால் அவளுக்குள் இன்சுலின் கிட்டத்தட்ட இல்லை, அதை வெளியில் இருந்துதான் கொடுக்கவேண்டும். 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றும்வரை, இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு ஊசிகூட விடக்கூடாது.

நான் மேலே விவரித்த படிகள் இருக்கின்றனவே, எந்தச் செய்தி வந்தால் எந்தப் பரம்பரையலகு விழிக்கும் என்ற அந்த வரிசை, அதைத்தான் ஆய்வுகூடத்தில் தட்டில் வைத்த மூலக்கலங்களுக்கு, அதாவது எந்தக் கலமாகவும் மாறக்கூடிய கலங்களுக்கு, அப்படியே படிப்படியாகக் கொடுக்கிறார்கள். குளுக்கோசுக்கு ஏற்பச் சுரக்கும் இன்சுலின் கலங்களை 2014இல் அமெரிக்காவில் அப்படி உருவாக்கிக் காட்டினார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவரான டக்ளஸ் மெல்ட்டன், தன் மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே முதலாம் வகை வந்ததால் இந்த ஆராய்ச்சிக்குள் இறங்கியவர். 2025இல் வெளியான முடிவுகளின்படி, அத்தகைய கலங்களை முழு அளவில் ஏற்றிய 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டின் முடிவில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. அவர்கள் வளர்ந்தவர்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தையும் தொடர்ந்து எடுக்கவேண்டியிருக்கிறது. ஆகவே ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கு அது பொருந்தாது. ஆனால் உங்கள் மகளுக்கு இன்னும் நீண்ட காலம் இருக்கிறது. அதுவரை அவளுடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் பழுதில்லாமல் வைத்திருப்பது, நாலு ஊசியையும் ஒழுங்காகப் போடும் உங்கள் கையில் இருக்கிறது.

அலுமாரிக்கு வருகிறேன். மகளின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுங்கள். பிறந்தபோது அவளுடைய நிறையை முதல் பக்கங்களில் எழுதியிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையை வளர்ப்பது பிள்ளையின் சொந்த இன்சுலின் என்று சொன்னேன் அல்லவா? சதையி இல்லாமல் பிறக்கும் அந்த அரிய பிள்ளைகள், நிறைமாதத்தில் பிறந்தாலும் மிகச் சிறிதாகத்தான் பிறக்கும். பிறந்த சில நாட்களிலேயே சீனி எகிறும். பிறவியிலேயே இன்சுலின் கலங்களில் கோளாறு உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் சலரோகம் வெளிப்பட்டுவிடும். உங்கள் மகள் நாலு வருடம் ஒரு ஊசியும் இல்லாமல் வளர்ந்தாள். அந்தப் புத்தகத்தின் கோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று வயது வரை போட்டிருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். அந்தப் புள்ளிகள் ஏறிய ஒவ்வொரு மாதமும் அவளுடைய இன்சுலின் கலங்கள் வேலை செய்த மாதம்.

மாமியோடு சண்டை வேண்டாம். பேத்திக்கு ஊசி ஏறுவதைப் பார்க்கிற அவரும் ஒரு காரணத்தைத் தேடித் தவிக்கிறார். ஒரு பின்னேரம் அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது பிள்ளையின் இதயத்துடிப்பைக் கருவி வைத்துக் கேட்கலாம், அவரும் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டொக்டர் அக்கா
திருகோணமலை